சிறுவர் நூலகர் ஒருவர் உங்கள் சொந்தமா? வன்னியில் இருந்தபடி உறவைத் தேடிக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

"எங்கட அம்மம்மாவின்ர ஒன்றுவிட்ட தங்கச்சி யாழ்ப்பாண லைப்ரரியில சிறுவர் பகுதிக்குப் பொறுப்பா இருந்தவ. அந்த நாளையில பேப்பரில எல்லாம் படம் வந்தது." இப்படி ஒரு வசனம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஊர் மாறலாம், உறவுமுறை மாறலாம். அதற்கு மேல் என்ன என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

எழுத்தாளர் சொந்தக்காரர் என்றால் தேடுவது கொஞ்சம் சுலபம், புத்தக அட்டையில் பெயர் இருக்கும். சிறுவர் நூலகர் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. போதாக்குறைக்கு, அவர் பக்கத்துத் தாள்களில் பல 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தன. நம் பக்கத்துத் தாள்களில் பல 2009 இறுதிப் போரில் இடம்பெயர்ந்த வழியிலே போயின. இரண்டு முனையும் பலவீனமாக இருக்கும்போது நடுவில் உள்ள உறவை எப்படி நிறுவுவது என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது.

தொடங்கும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரித் தேடல் பெரும்பாலும் பெண்வழியாகப் போகும். நூலகர் ஒரு பெண், அவரை நினைவில் வைத்திருப்பவர் அம்மம்மா, கதையைச் சொன்னவர் அம்மா. தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு தலைமுறையோடு வழி அடைபட்டுவிடும். தாய்வழிப் பெயர்கள் எந்தத் தாளில் தங்கியிருக்கும் என்று பார்த்துத் தேட வேண்டும்.

முதலாம் படி: குடும்பக் கதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

மேலே சொன்ன வசனத்தில் மூன்று கூற்றுகள் ஒட்டியிருக்கின்றன. நீங்கள் அந்த அம்மம்மாவின் பேரப்பிள்ளை என்பது ஒன்று. அம்மம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருவர் இருந்தார் என்பது இன்னொன்று. அந்தத் தங்கச்சியும் நூலகத்தில் இருந்தவரும் ஒரே ஆள் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆதாரம் வேண்டும். ஆர்வத்தில் எல்லோரும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குவார்கள். பிரபலமானவரின் பெயரைப் பேஸ்புக்கில் போட்டுத் தேடி, ஊர் பொருந்துகிறது என்று கண்டதும் உறவு உறுதி என்று எழுதிவிடுவார்கள். உங்களிடமிருந்து தொடங்கி மேலே போய், பிறகு பக்கவாட்டில் போங்கள்.

அதற்கு முன், கதை காலத்தோடு பொருந்துகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் புத்தகங்களை இரவல் கொடுத்ததிலிருந்து வளர்ந்தது. இப்போது நாம் அறிந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. சிறுவர் பகுதி 1967இல் வந்தது. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. உங்கள் உறவினர் 1950களில் கல்யாணம் செய்து வேலையை விட்டவர் என்றால், அவர் அந்தச் சிறுவர் பகுதியில் இருந்திருக்க முடியாது. அதற்காகக் கதை பொய் என்று தள்ளிவிட வேண்டாம். அவர் பழைய நூலகத்தில் இருந்திருக்கலாம், பாடசாலை நூலகத்தில் இருந்திருக்கலாம், கொழும்பில் இருந்திருக்கலாம். எங்கே தேடுவது என்பது மாறும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: உங்களிடமிருந்து அம்மம்மா வரை

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை நாம் பாடசாலைக்கும் அடையாள அட்டைக்கும் கொடுத்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதை ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். தகப்பன் தாயின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாம் இருக்கும். அதோடு பாட்டனார் இலங்கையில் பிறந்தவரென்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதவும் ஒரு கூடு உண்டு. அதில் வருவது தகப்பன்வழிப் பாட்டனார். ஆகவே உங்கள் சான்றிதழ் உங்களை அம்மம்மாவிடம் கொண்டுபோகாது. உங்கள் அம்மாவின் சான்றிதழை எடுங்கள், அதில் தாயின் பெயராக அம்மம்மா வருவார். அம்மம்மாவின் தாய் யார் என்று அறிய அம்மம்மாவின் சான்றிதழ் வேண்டும், அது இல்லையென்றால் அவரது மரணச் சான்றிதழ். மரணச் சான்றிதழில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயர் இருக்கும், தொழில் இருக்கும், மரணத்தை அறிவித்தவர் யார், என்ன உறவு என்பதும் இருக்கும். அறிவித்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். மறந்துபோன மருமகன் ஒருவர் அங்கேதான் அகப்படுவார்.

பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பல பதிவுகள் இப்போது ஸ்கான் செய்யப்பட்டிருப்பதால், பிறந்த இடத்துக்குப் போகுமுன் கிட்ட உள்ள செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஆண்டையும் இடத்தையும் சொல்லித் தேடிப் பார்க்க விண்ணப்பிக்க முடியும். இங்கே வன்னிக்காரர் இடறும் ஒரு இடம் உண்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதற்கு முந்திப் பரந்தனிலோ வட்டக்கச்சியிலோ பிறந்தவரின் பதிவில் யாழ்ப்பாண மாவட்டம் என்றே இருக்கும். முல்லைத்தீவும் 1970களின் கடைசியில்தான் தனி மாவட்டமானது. கந்தோரில் "இங்க இல்லை" என்று சொன்னால், அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

கல்யாணப் பதிவு இருந்தால் நல்லது. மணமக்களின் தகப்பன்மார் பெயரும் தொழிலும், சாட்சிகளின் பெயரும் அதில் கிடைக்கும். சாட்சி வைப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர்தான். ஆனால் பழைய சைவக் கல்யாணங்கள் பல வழமைப்படி நடந்து, பதியப்படாமலே போயின. பதிவு இல்லை என்பதை வைத்துக் கல்யாணமே நடக்கவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்களும் பெரும்பாலும் உறவினரே.

எல்லாம் போய், பழைய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி மட்டும் மிஞ்சியிருக்கிறதா? எண்ணைப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 38622 என்று தொடங்கினால் 1938, பெண், 122ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கிடுவதால் அது மே 1. பெயர் அழிந்த அட்டையிலிருந்தும் பிறந்த திகதி எடுக்கலாம்.

மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களுக்கு வழி வேறு. தோட்டத்தில் செய்த பிறப்புப் பதிவும் பிரஜாவுரிமைச் சான்றிதழும்தான் உங்கள் முதல் தாள்கள். பிரஜாவுரிமைத் தாள்களைக் குடும்பங்கள் உயிர்போலக் காத்து வைத்திருக்கும், பெரியவர்களிடம் கேளுங்கள். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்துப் பழைய வன்னிக் குடும்பங்களுக்கும் யாழ்ப்பாணத்து ஊர் ஒன்று கட்டாயம் இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

தாளைவிட ஆட்கள் முதலில் போய்விடுவார்கள். ஆகவே படி மூன்று என்று எழுதினாலும், எண்பது வயது தாண்டிய ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவரிடம் நாளைக்கே போங்கள்.

"எந்த ஆண்டு?" என்று கேட்டால் பதில் வராது. "லைப்ரரி எரிஞ்ச நேரம் அவ எங்க இருந்தவ?", "சூறாவளி அடிச்சதுக்கு முன்னமோ பிறகோ?", "யாழ்ப்பாணத்தால வெளிக்கிட்ட நேரம் ஆர் ஆர் கூட வந்தனீங்கள்?" என்று கேளுங்கள். 1964 மார்கழிச் சூறாவளி, 1977, 1981, 1983, 1987, 1995 ஐப்பசி இடப்பெயர்வு, 2004 கடல்கோள், 2009 என்று ஒவ்வொருவர் நினைவிலும் முளை அடித்து வைத்த ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கேட்டால் இடமும் ஆளும் தானாக வரும். இருந்த இடங்களை வரிசையாகச் சொல்லச் சொல்வதும் நல்ல வழி. கோப்பாய், பிறகு உருத்திரபுரம், பிறகு விசுவமடு, பிறகு செட்டிகுளம் முகாம் என்று சொல்லிவரும்போது, எந்த வீட்டில் யாருடன் தங்கினார்கள் என்பதும் சேர்ந்து வரும். இடப்பெயர்வில் ஆட்கள் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் முதலில் போனார்கள்.

உறவுமுறையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'கசின்' என்று எழுதிவிட்டால் பாதித் தகவல் போய்விடும். அம்மம்மா அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டிருந்தால், இருவரின் தகப்பன்மார் சகோதரர், அல்லது இருவரின் தாய்மார் சகோதரிகள். மச்சாள் என்று கூப்பிட்டிருந்தால், ஒருவரின் தகப்பனும் மற்றவரின் தாயும் கூடப்பிறந்தவர்கள், இல்லாவிட்டால் கல்யாணத்தால் வந்த உறவு. இரண்டுவிட்ட என்றால் இன்னொரு தலைமுறை மேலே போக வேண்டும். அடுத்து எந்தத் தாளைத் தேடுவது என்பது இதிலிருந்தே தெரியும். மாமி என்ற முறையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தகப்பனின் சகோதரி, தாயின் சகோதரன் மனைவி, மனைவியின் தாய், பக்கத்து வீட்டு மூத்த பெண், எல்லோரும் மாமிதான். "ஆற்ற வழியில மாமி?" என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கேள்வி கேட்பது லேசான காரியம் இல்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் குடும்ப விபரம் கேட்கப் போகிறோம். ஏன் கேட்கிறோம், எங்கே எழுதப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். "எந்தப் பகுதி" என்ற கேள்வி சாதி கேட்பதாகவே காதில் விழும். ஊர், கோயில், பாடசாலை மூன்றையும் கேட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, கல்யாணவீடு, அந்தியேட்டி இவற்றில் நாலைந்து பெரியவர்கள் ஒன்றாக இருப்பார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்துவதைக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒருமுறையாவது தனியாகக் கேட்டு வையுங்கள். ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டியதை இரண்டு சாட்சி என்று எண்ண முடியாது.

நான்காம் படி: மரண அறிவித்தலும் கல்வெட்டும்

ஈழத்தமிழருக்கு இதைவிடப் பெரிய குடும்ப ஆவணம் இல்லை என்பது என் கருத்து. பத்திரிகை மரண அறிவித்தலின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் மருமகள், இன்னாரின் மனைவி, தாய், சகோதரி, மைத்துனி, மாமியார், பேத்தி என்று ஒரு பந்தியில் மூன்று நான்கு தலைமுறை வந்துவிடும். பிறப்பிடம் வேறாகவும் வதிவிடம் வேறாகவும் கொடுப்பதால், வன்னியில் குடியேறிய குடும்பத்தின் பழைய ஊரும் அதிலேயே கிடைக்கும்.

அதை எப்படி வாசிப்பது என்பதுதான் முக்கியம். 'காலஞ்சென்ற' என்ற சொல் யார் யாருக்கு முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு அறிவித்தல்கள் கிடைத்தால், முந்தியதில் அந்தச் சொல் இல்லாமலும் பிந்தியதில் அதோடும் வரும் சகோதரர் அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் இறந்தவர். அடைப்புக்குறிக்குள் வரும் ஊர், நாடு, தொழில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'நூலகர்' என்றோ 'ஓய்வுபெற்ற நூலக உத்தியோகத்தர்' என்றோ ஒரு சொல் அங்கே கிடந்தால், பெயரும் தொழிலும் உறவும் ஒரே வரியில் கிடைத்த மாதிரி.

ஆனால் ஒன்றுவிட்ட சகோதரிகளை அறிவித்தலில் போடுவது குறைவு. அம்மம்மாவின் அறிவித்தலில் நூலகரின் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். அவர்களுக்கு ஒரு தலைமுறை மேலே போய், இருவரின் தகப்பன்மார் அல்லது தாய்மார் இறந்தபோது வந்த அறிவித்தல்களைத் தேடுங்கள். ஒன்றில் 'இன்னாரின் சகோதரர்' என்று மற்றவர் பெயர் வந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது. நூலகரின் கூடப்பிறந்தவர்களின் அறிவித்தல்களும் பிரயோசனமானவை. நூலகர் கல்யாணம் கட்டிப் பெயர் மாறியிருந்தால், தம்பியின் அறிவித்தலில்தான் அவரின் பிந்திய பெயர் அகப்படும்.

கல்வெட்டு இன்னும் ஆழமானது. அந்தியேட்டிக்கு, அதாவது 31ஆம் நாளுக்கு, அச்சிட்டுக் கொடுக்கும் அந்த நினைவு மலரில் பழையவை பலவற்றில் வம்ச வரலாறு செய்யுளாகவே இருக்கும். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் தமிழ் ஆண்டு, மாதம், பட்சம், திதி வரும். அந்த ஆண்டை மாற்றும்போது கவனம் தேவை. துன்மதி என்றால் 1981 சித்திரை முதல் 1982 பங்குனி வரை. ஆனால் 60 ஆண்டுச் சுழற்சியில் 1921–22உம் துன்மதிதான். மற்றத் தகவல்களோடு வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கல்வெட்டுகள் எங்கே கிடைக்கும்? சாமியறையில், தேவாரப் புத்தகங்களுக்கிடையில். வன்னியில் அவை போயிருந்தாலும் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவின் அலுமாரியில் ஒரு பிரதி இருக்கக்கூடும். 1995க்கு முன் வெளிநாடு போனவர்களிடம் முதலில் கேளுங்கள். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய பத்திரிகைகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் பார்க்கலாம். ஆள் பெயரால் மட்டும் தேடாமல் ஊர்ப் பெயரால், பாடசாலைப் பெயரால், கோயில் பெயரால் தேடுங்கள்.

ஐந்தாம் படி: காணித் தாள்கள்

தாய்வழிக்கு நல்ல சாட்சி சீதன உறுதி. தேசவழமைப்படி யாழ்ப்பாணத்தில் காணி மகளுக்குச் சீதனமாகப் போகும், அது மறுபடி அவள் மகளுக்குப் போகும். நொத்தாரிசு எழுதும் உறுதியில், இந்தக் காணி எனக்கு என் தாயாரான இன்னாரிடமிருந்து இன்ன இலக்க உறுதிப்படி வந்தது என்று உரிமை வந்த வழி சொல்லப்படும். அந்த இலக்கத்தைப் பிடித்து முந்திய உறுதிக்குப் போனால் அம்மம்மாவின் தாயும் அவர் தாயும் பெயரோடு வருவார்கள். அடுத்து நான்கு எல்லையையும் வாசியுங்கள். பெற்றார் ஒரே வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதால், கிழக்கு எல்லைக்காரி பல சமயம் கூடப்பிறந்த அக்காவாக இருப்பார். நூலகரின் தாயும் உங்கள் பூட்டியும் (அம்மம்மாவின் தாய்) சகோதரிகள் என்பதை நிறுவ, பக்கத்துப் பக்கத்து இரண்டு சீதன உறுதிகள் போதும். உறுதி கையில் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடலாம். காணியின் பெயரும் ஊரும் தெரிந்திருப்பது அவசியம்.

வன்னியில் இருப்பது பெரும்பாலும் பெர்மிட் காணி. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட இந்தக் காணிகளுக்கு அனுமதிப்பத்திரக்காரர் ஒரு பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவரை, நியமிக்கலாம். அந்த நியமனத்தில் பெயரும் உறவும் எழுதப்படும். வட்டக்கச்சி, முரசுமோட்டை, முத்தையன்கட்டு என்று குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்களின் கோப்பில் முந்திய முகவரியும் குடும்ப விபரமும் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: காணித் தகராறு உள்ள குடும்பத்தில் இந்தக் கோப்பைக் கேட்பது வேறு அர்த்தத்தில் எடுக்கப்படும். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவரையும் கூட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை.

விதானையாரிடமும் (கிராம அலுவலர்) சொல்லி வையுங்கள். பழைய வாக்காளர் இடாப்பில் ஒரு வீட்டில் இருந்தவர்கள் ஒன்றாக இருப்பார்கள். நிவாரணக் குடும்ப அட்டை மிஞ்சியிருந்தால் அதுவும் ஆதாரம்தான்.

ஆறாம் படி: நூலகரின் பக்கத்திலிருந்து

இப்போதுதான் மூன்றாவது கூற்றுக்கு வருகிறோம். நூலகத்தின் உள்ளே இருந்த பழைய பதிவுகளை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது நூலகக் கட்டடம் இல்லை, மாநகர சபை. நியமனம், சம்பளம், ஓய்வூதியம் என்பவை வேறு கோப்புகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட விபரங்களை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே "அவருடைய பைலைத் தாருங்கள்" என்று கேட்காமல், இன்ன பெயருடையவர் இன்ன காலத்தில் நூலகத்தில் என்ன பதவியில் இருந்தார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று மட்டும் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

பதவிப் பெயரில் கவனமாக இருங்கள். வீட்டில் நூலகர் என்று சொல்பவர் தாளில் உதவி நூலகராகவோ இலிகிதராகவோ இருக்கலாம். பிள்ளைகளுக்கு அவர் நூலகர்தான், அதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்.

பத்திரிகைகளில், யாழ்ப்பாணத்தில் 1959 முதல் வந்த ஈழநாடு முதலில் பார்க்க வேண்டியது. வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் உண்டு. சிறுவர் பகுதி திறந்த ஆண்டு, புத்தகக் கண்காட்சி, கதை சொல்லும் நிகழ்ச்சி, இடமாற்றப் பிரியாவிடை, ஓய்வு என்று நிகழ்வுகளைச் சுற்றித் தேடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இரண்டிலும் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். போகுமுன், வேண்டிய மாதங்களை எழுதிக்கொண்டு போங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள பொது நூலகங்களில் முதலில் விசாரியுங்கள். அங்குள்ள நூலகர்களுக்குத் தங்கள் தொழிலின் மூத்தவர்களைத் தெரிந்திருக்கும். உறவைத் தேடுகிறேன் என்று சொன்னால் அக்கறையோடு உதவுவார்கள்.

அவர் படித்த பாடசாலையையும் விட வேண்டாம். உடுவில் மகளிர், வேம்படி, சுண்டுக்குளி, இராமநாதன் கல்லூரி போன்றவற்றின் மலர்களில் பழைய மாணவிகள் என்ன ஆனார்கள் என்ற செய்தி வருவதுண்டு. கல்யாணச் செய்தியும் வரும். 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கத்தின் பயிற்சியில் அவர் படித்திருந்தால் அங்கேயும் ஒரு தடயம் இருக்கலாம். அவரிடம் புத்தகம் எடுத்த பிள்ளைகள் இப்போது ஐம்பது அறுபதைத் தாண்டியவர்கள். வட்ஸ்அப்பில் ஊர்க்குழுக்களில் ஒரு குரல் பதிவு போட்டால், "ஓம், அந்த ரீச்சரை எனக்குத் தெரியும்" என்று யாராவது சொல்வார். அந்தச் சாட்சியத்தில் அவர் வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது, யாருடைய மகள் என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள்.

ஏழாம் படி: பெயர் பொருந்துகிறதா?

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் கல்யாணத்தோடு மாறும். எடுத்துக்காட்டாக, கந்தையாவின் மகள் பரமேஸ்வரி 'செல்வி க. பரமேஸ்வரி'யாக நூலகத்தில் சேர்ந்து, 'திருமதி ப. சிவலிங்கம்' ஆக ஓய்வு பெற்றிருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று பட்டியலைப் பார்த்தால் தெரியாது. எழுத்துக்கூட்டலும் மாறும். இராசேஸ்வரி, ராஜேஸ்வரி இரண்டாலும் தேடுங்கள். தமிழில் 'க' என்ற முதலெழுத்துக்கு ஆங்கிலத் தாளில் கே, ஜீ, சீ என எதுவும் வரலாம். 'ஞா'வுக்கு ஜீ வரும், 'யோ'வுக்கு வை அல்லது ஜே. தேடத் தொடங்குமுன் அவர் பெயர் வரக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே காலம் என்பது போதாது. பரமேஸ்வரிகள் அந்த ஊரில் பலர் இருந்திருப்பார்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், கணவன் பெயர், வளவின் பெயர், கூடப்பிறந்தவர்கள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு விபரமாவது தனித்தனித் தாள்களில் பொருந்த வேண்டும். தாளே கிடைக்காத இணைப்புக்கு, ஒருவரை ஒருவர் கேட்காமல் சொன்ன இரண்டு பேரின் சாட்சியம் வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் டிஎன்ஏ சோதனை செய்திருக்கிறோம் என்று சொல்வார்கள். மச்சான் மச்சாள் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில், அந்தச் சோதனை உறவை இருப்பதைவிடக் கிட்டவாகக் காட்டும். அதைத் துணையாக மட்டும் வைத்திருங்கள்.

எட்டாம் படி: எழுதி வைப்பது

ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் ஆதாரத்தையும் அது எவ்வளவு உறுதி என்பதையும் எழுதுங்கள். தாளில் உள்ளது, இருவர் சொன்னது, ஒருவர் மட்டும் சொன்னது என்று பிரித்தால் போதும். ஒருவர் மட்டும் சொன்ன இணைப்பைக் கோடிட்ட வரியாக வரையுங்கள். அதை நேர்கோடாக்கும் ஆசை வரும். பிறகு உங்கள் பிள்ளைகள் அதையே உறுதியான செய்தி என்று எடுத்துக்கொள்வார்கள்.

வெளியிடுவதற்கு முன் நூலகரின் பிள்ளைகளையோ பெறாமக்களையோ தொடர்புகொள்ளுங்கள். உங்களிடம் இல்லாத கல்வெட்டு அவர்களிடம் இருக்கலாம், அவர்களுக்குத் தெரியாத வன்னிக் கிளை உங்களிடம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லும் விடயத்தை விட்டுவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை எண், முகவரி எதையும் பொதுவில் போட வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதுவதா என்பதை அந்தக் குடும்பமே சொல்லட்டும்.

கிடைத்த தாள்களை நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து, கோப்பின் பெயரிலேயே ஆள், ஆண்டு, தாளின் வகை மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரரிடம், ஒன்று இணையச் சேமிப்பில். மூலத்தாள்களைக் கறையான் ஏறாத உயரத்தில், காற்றுப் போகும் பெட்டியில் வையுங்கள், பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் ஈரம் பிடித்து ஒட்டிவிடும். கல்வெட்டோ பாடசாலை மலரோ உங்களிடம் இருந்து, அது எண்ணிம நூலகத்தில் இல்லையென்றால், ஸ்கான் செய்து அங்கே கொடுங்கள். இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் பெயர் அதில் இருக்கலாம்.